நடு அசையில் விழுந்த அழுத்தம்

இப்போது வருகிற இளம் ஆங்கில ஆசிரியர்கள் என் முன்னால் கைபேசியை நீட்டுகிறார்கள். நீளமான சொல் ஒன்றைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு பெண் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். "இனி அசை பிரிக்கிறது, அழுத்தம் தேடுறது எல்லாம் என்னத்துக்கு சேர்? இவவே சொல்லுவா" என்கிறார்கள். "இவ எந்த ஊர்க்காரி?" என்று கேட்டேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஊர் பேர் தெரியாத, யாரிடம் படித்தாள் என்றும் தெரியாத ஒருத்தியின் வாயை நான் எப்படி நம்புவது?

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மீன்காரன் ஒரு பக்கச் செவுளைத் தூக்கிக் காட்டினால் மறு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். "உங்கட மண்டைக்குள்ள ஒரு சீ.ஐ.டி. காரன் குடியிரிக்கான்" என்று என் மனைவி சொல்லுவாள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு புத்தளத்தில் வந்து இறங்கியவன் நான். அப்படி வந்தவனுக்கு எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்ப வராது. ஆனால் தொழிலில் என்னைத் தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகக்காரி ஒருவரின் கீழ்தான் நான் வேலை செய்தேன். கைபேசிப் பெண்ணின் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவருடைய நினைவு வந்துவிடுகிறது.

றோஸ்மேரி மெடம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். போருக்குள் தகப்பனோடும் தங்கையோடும் இடம்பெயர்ந்து சிலாபத்தில் தங்கிவிட்டவர். எங்கள் பகுதியில் ஆங்கில ஆசிரியர்களைத் தெரிவு செய்யும் வாய்மொழிப் பரீட்சைக்கு அவர்தான் தலைமை. நான் அவருக்கு உதவிப் பரீட்சகர். கருப்புக் குடை ஒன்றும் கைப்பைக்குள் சொந்த அகராதி ஒன்றும் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. அலுவலக அகராதியைத் தொடவே மாட்டார். "ஆரும் பக்கத்தைக் கிழிச்சிருப்பாங்கள்" என்பார். ஒரு தடவை நான் அதை எண்ணிப் பார்த்தேன். உண்மையிலேயே ஒரு பக்கம் இல்லை. அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

நான் பயிற்சி பெற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருடம் புத்தகத்தைப் படித்தோம், சோறு சரியில்லை என்று சண்டை போட்டோம், வெளியே வந்தோம். அசை என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது மெடத்திடம் வந்த பிறகுதான். அவருடைய முறை இதுதான். முதலில் வாயை மூடிக்கொண்டு சொல்லை முனக வேண்டும். முனகும்போது எந்த இடத்தில் குரல் தானாக எழும்பி இழுபடுகிறதோ அங்கேதான் அழுத்தம். பிறகு புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்லைத் திறந்து சொல்ல வேண்டும். தாடை எத்தனை தரம் கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. எக்ஸாமினேஷன் என்றால் எக்-ஸா-மி-னே-ஷன். 'ஷன்' என்று முடிந்தால் அழுத்தம் அதற்கு முன் அசையில், அதாவது 'னே'யில். 'இக்' என்று முடிகிற சொற்களுக்கும் அதே விதிதான். பென்டாஸ்டிக்கில் 'டாஸ்', எகனோமிக்கில் 'னோ'. விதியை மீறுகிற சொற்களும் உண்டு. அவற்றையும் மெடம் பரீட்சைக்கு எடுப்பார்.

எங்கள் ஆட்களின் தாடை கையில் கூடுதலாக இடிக்கும். ஸ்கூல் என்பது ஒரே அசை. எங்கள் வாய் அதை இஸ்-கூல் என்று இரண்டாக்கிவிடும். ஸ்ட்ரெங்த் என்பதும் ஒரே அசைதான். அதை நாங்கள் இஸ்-டி-ரெங்-து என்று ஒரு குடும்பமாகவே ஆக்கிவிடுவோம். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் சம மரியாதை கொடுத்துப் பழகிய வாய் இது. ஆங்கிலம் ஒன்றைத் தூக்கி வைத்து மற்றதையெல்லாம் விழுங்குகிற பாஷை.

பரீட்சையில் என் வேலை விசித்திரமானது. புத்தளத்தில், கடலேரிப் பக்கம் பார்த்த ஒரு பாடசாலை மண்டபம். ஒரு கோடியில் மெடமும் பரீட்சைக்கு வந்தவரும். மறு கோடியில் நான், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல்களையெல்லாம் திறந்து விடுவார் மெடம். காற்று மண்டபத்துக்குள் ஊதும். அந்த இரைச்சலுக்குள் ஒரு சொல்லைச் சொன்னால் முழுவதும் எனக்குக் கேட்காது. அழுத்தம் விழுந்த அசை மட்டும் வந்து சேரும். நான் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். 'னே' என்று எழுதியிருந்தால் அவர் சரி. எல்லாம் ஒரே அளவாகக் கேட்டால் பிழை. மெடம் தனியாகவும் புள்ளி போடுவார். பொழுதுபட இரண்டையும் ஒப்பிடுவோம். ஏன் திரும்பி உட்கார வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"முகத்தைப் பாத்தா நீர் இரக்கப்படுவீர்" என்றார்.

"நானா? நான் ஏன் மெடம் இரக்கப்படுறன்?"

"அப்ப, தெரிஞ்ச முகமாயிருந்தா கூட்டிப் போடுவீர். திரும்பியிரும்."

அவ்வளவுதான் என்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை.

ஒரு வருடம் ஓர் இளைஞன் எல்லாச் சொல்லையும் சரியாகச் சொல்லிக்கொண்டு போனான். மெடத்துக்குப் பொறுக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டால், ஜன்னலுக்கு வெளியே ஒருவன் இருமிக்கொண்டிருக்கிறான். முதல் அசைக்கு ஒரு இருமல், இரண்டாவதுக்கு இரண்டு. மெடம் பியோனைக் கூப்பிட்டு, "வெளியில இருமிற தம்பிக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ, பாவம்" என்றார். குடிக்கப் போனவன் திரும்பி வருவதற்குள் உள்ளேயிருந்தவன் ஒரு சொல்லும் சொல்ல முடியாமல் வியர்த்து வழிந்தான். அன்று பின்னேரம் மெடம் எனக்கு ஒரு பாடம் சொன்னார். "கள்ளனைப் பிடிக்கோணுமெண்டால் அவனுக்குக் களவெடுக்க ஒரு பிழையைக் குடுக்கோணும், நசார். சரியான விடையை ஆரும் சொல்லலாம். எங்கட பிழையை அப்பிடியே சொல்லுறவன்தான் கள்ளன்."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து சில வருடங்கள் கழித்து நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் தொண்டர் ஆசிரியர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கப் பரீட்சை வைத்தார்கள். வருடக்கணக்காகச் சம்பளமென்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் படிப்பித்தவர்கள். சிலருக்கு வயதெல்லை கிட்டிவிட்டது. இந்த முறை தவறினால் இனி இல்லை. வழக்கம்போல் பரீட்சையன்று காலையில்தான் மெடம் சொற்களைத் தெரிவு செய்தார். மண்டபக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் மட்டும் கேட்க, ஒவ்வொன்றாகச் சொல்லி, அழுத்தம் எங்கே என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். கத்தோலிக் என்ற சொல் வந்தது. நடு அசையில், 'தோ'வில் தட்டினார்.

எனக்குத் திக்கென்றது. அது விதியை மீறுகிற சொல். அழுத்தம் முதல் அசையில். சிலாபத்துத் தெருவில் போகிற எவனும் கெத்தலிக் என்றுதான் சொல்லுவான். கத்தோலிக்கப் பெண்ணொருத்தி, அதுவும் றோஸ்மேரி மெடம், இதைப் பிழையாகத் தட்டுவதா? பிறகு விளங்கியது. பொறி! களவெடுக்க ஒரு பிழை. என்னிடம் மட்டும் தட்டிக் காட்டியிருக்கிறார். அப்படியானால் பொறி யாருக்கு? எனக்குத்தான். நான் விடையை வெளியே விற்கிறேனா என்று பார்க்கப் போகிறார். ரத்தம் கொதித்தது. போய் என் கதிரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் 'கெத்' என்றே சொன்னார்கள். காற்றுக்குள் 'கெத்', 'கெத்' என்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தரமும் மெடத்தின் பென்சில் சரக்கென்று நீளமாக இழுபட்டது. பிழை போடும்போது அவர் அப்படித்தான் இழுப்பார். பொறிதானே, என்னவாவது செய்யட்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நேரம் நெருங்கும்போது ஒரு பெண் வந்தாள். பெயர் தனலெட்சுமி, ஊர் உடப்பு என்று சொன்னது கேட்டது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு முனகுகிறாள். நான் சட்டென்று திரும்பிவிட்டேன். பரீட்சையில் திரும்பியது அதுதான் முதல் தரம். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்திருந்தாள். அது மெடத்தின் முறை. அதை நான் வேறு எங்கும் கண்டதில்லை. நானே மெடத்திடம்தான் படித்தேன். மெடம் என்னைப் பார்த்தார். நான் மெடத்தைப் பார்த்தேன்.

ஒவ்வொரு சொல்லும் வாய்க்குள் பழுத்து விழுந்ததுபோல வந்தது. பிறகு கத்தோலிக். காற்றைத் தாண்டி மண்டபத்தின் மறு கோடிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஓர் எழுத்து: 'தோ'.

அல்லாஹ்வே! எழுந்து நடந்து போய் அவர்கள் மேசைக்கு முன்னால் நின்றேன். அந்தப் பிழை எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த மனுஷிதான். அதை என் தலையில் கட்டப் போகிறார். அகதியாக வந்தவன் விடையை விற்றுவிட்டான் என்று ஊர் கதைக்கும். என் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் கதைக்கும்.

"உமக்கு ஆர் படிப்பிச்சது?" மெடம் கேட்டார்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்ல ஏலாது மிஸ்."

"சொல்லாட்டி உங்கட பேர வெட்டத்தான் வேணும்" என்றேன் நான். "விடை வெளிய போயிரிக்கி. யார் தந்ததெண்டு இப்பவே சொல்லணும்."

"யாரும் விடை தரல்ல சேர். டீச்சரம்மா ஒருத்தர்தான் படிச்சுக் குடுத்தாங்க. அவங்க பேரச் சொல்லமாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணியிருக்கேன். வெட்டுறதுன்னா வெட்டிருங்க." கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் அசையவில்லை. "எனக்கு வேற வருசம் இல்ல சேர். வயசு போயிடும். அதுக்காகச் சத்தியத்தை விக்க ஏலாதே."

மெடம் இப்போது ஒரு வேலை செய்தார். காலையில் தெரிவு செய்தவற்றில் இல்லாத ஒரு சொல்லைக் கேட்டார். வேறு சொல் கேட்கக்கூடாது என்று அவர் போட்ட சட்டத்தை அவரே மீறினார். "ஹார்மோனியம் சொல்லும் பாப்பம்."

அவள் முனகினாள். "ஹார்-மோ-னி-யம்." அழுத்தம் முதல் அசையில். பச்சைப் பிழை. 'மோ'வில் விழ வேண்டும். பிழையைக் கேட்ட மெடத்தின் முகம் மலர்ந்தது. மலர்ந்து, உடனே கோணியது. பிழையைக் கேட்டுச் சந்தோசப்படுகிற பரீட்சகரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? எனக்குச் சந்தேகம் உச்சிக்கு ஏறிவிட்டது. அவளை வெளியே போய் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"மெடம், காலையில தட்டினது பொறிதானே? எனக்கு வச்ச பொறி?"

"என்ன பொறி?"

"கத்தோலிக். அது முதலாவது அசையிலதானே வரும். நீங்க வேணுமெண்டே நடுவில தட்டினீங்க. இப்ப அவ அதையே சொல்றா. வல்லாஹி, நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. அப்ப சொன்னது நீங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கைப்பையைத் திறந்து அகராதியை எடுத்தார். புரட்டினார். அழுத்தக் குறி முதல் அசையில் இருந்தது; அதில் விரலை வைத்து இரண்டு தரம் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் சொற்களைத் தேடிய அகராதியில் அந்த ஒரு சொல்லை அவர் ஒரு நாளும் தேடியதே இல்லை. வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்ட சொல்லை யார் போய் அகராதியில் தேடுவார்கள்?

"பொறியில்லை நசார். நான் சரியெண்டுதான் தட்டினனான். இது எங்கட வீட்டுப் பிழை." கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்பா மாதா கோயில்ல பாட்டுக்காரருக்குப் பழக்கிறவர். முனகச் சொல்லுறது, தாடைக்குக் கை வைக்கிறது எல்லாம் அவற்ர வேலை. அவர் கத்-தோ-லிக் எண்டுவார். கத்தோலிக்கம் எண்ட தமிழ்ச் சொல்லில 'தோ' நெடில்தானே, அதை இழுத்துப் பழகின வாய். ஹார்மோனியம் எண்டுறதையும் முதல் அசையிலயே தூக்குவார். அது பிழையெண்டு எனக்குப் பிறகு தெரியும். மற்றது இண்டைக்குத்தான் தெரியும்."

"அப்ப இந்தப் பிள்ளைக்கு எப்பிடி…"

"உலகத்தில ரெண்டு பேர்தான் இந்த ரெண்டு பிழையையும் சேர்த்துக் கேட்டு வளந்தவை. ஒண்டு நான்."

மற்றது தங்கை ஸ்டெல்லா. சிலாபத்துக்கு வந்த காலத்தில் உடப்பிலிருந்து மீன் சந்தைக்கு வந்துபோன ஓர் இந்து வாலிபனோடு போய்க் கலியாணம் முடித்துக்கொண்டாள். "இனி எனக்கு ஒரு மகள்தான்" என்று தகப்பன் கதவைச் சாத்தினார். மெடம் தகப்பனுடைய பக்கம் நின்றார். தகப்பன் சாகும்போதும் தங்கைக்கு ஆள் அனுப்பவில்லை. பிறகு பேச்சே இல்லை. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர். போகவில்லை.

எனக்கு இரக்கமாக இருந்தது. ஆனாலும் இவ்வளவையும் சும்மா நம்பிவிட முடியாது. கதவைத் திறந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஸ்டெல்லாதானே உம்மட டீச்சர்?" மெடம் கேட்டார். "நீர் சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன். சத்தியம் உடையாது. என்னத்துக்குப் பேரை மறைக்கச் சொன்னவ?"

தனலெட்சுமி என்னைப் பார்த்தாள், மெடத்தைப் பார்த்தாள். "என் பேரச் சொன்னா அக்கா உன்னை பெயிலாக்கிருவாங்கன்னு சொன்னாங்க மிஸ்."

மெடம் கண்ணை மூடிக்கொண்டார். அகராதியில் தன் பிழையைக் கண்டபோதுகூட அவர் அப்படி அடிபட்டுப் போகவில்லை.

எனக்குள் இருக்கிற சீ.ஐ.டி. காரன் விடவில்லை. "அது சரி, இவ்வளவு நல்லாச் சொல்ற நீங்க அந்த ரெண்டு சொல்லையும் மட்டும் ஏன் பிழையாச் சொன்னீங்க? உங்களுக்குச் சரியானது தெரியாதா?"

"தெரியும் சேர். கெத்தலிக். ஹார்மோனியம்." இரண்டையும் அழகாக, சரியான இடத்தில் அழுத்திச் சொன்னாள். "டீச்சரம்மா சரியாத்தான் படிச்சுக் குடுத்தாங்க. இந்தப் பரீட்சைக்கு மட்டும், இந்த ரெண்டுல எது வந்தாலும் இப்பிடிச் சொல்லுன்னாங்க. ஒரு சொல்லுக்குப் புள்ளி போனாலும் நீ மத்ததுல எடுத்துருவேன்னு சொன்னாங்க. பேரச் சொல்லாத, இதச் சொல்லு, விருப்பம்னா அக்காவே கேப்பாங்கன்னாங்க."

பொறி இருக்கிறதென்று நான் சந்தேகப்பட்டது முழுக்கச் சரி. வைத்த ஆள்தான் வேறு.

மெடம் தன்னுடைய புள்ளித்தாளை என் பக்கம் தள்ளினார். "சொந்தக்காரியிட்டப் படிச்ச பிள்ளைக்கு நான் புள்ளி போடக்கூடாது. நீர் போடும். காலையில நான் பிழை போட்ட எல்லாருக்கும் அந்தச் சொல்லைத் திருத்தும்." எல்லோருக்கும் திருத்தினேன். தனலெட்சுமிக்கு மட்டும் கத்தோலிக்கில் பிழை போட்டேன். முதல் சொன்னதுதான் கணக்கு என்பது விதி. மெடம் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த ஒரு சொல் போயும் அவள் சித்தியடைந்தாள். பிறகு உச்சமுனைப் பக்கத்துப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்து, தோணியில் போய் வந்து படிப்பித்தாள்.

அன்று அவள் புறப்படும்போது மெடம் வாசல் வரைக்கும் வந்தார். "ஸ்டெல்லாவிட்ட ஒண்டு சொல்லும். அகராதியில பாத்தாச்சாம். அப்பா சொன்னது பிழையாம். அக்கா சொல்லச் சொன்னவ எண்டு சொல்லும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அத நீங்களே வந்து சொல்லுங்க மிஸ்" என்றாள்.

மற்றவர்களையும் முடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தோம். நான் ஜும்ஆவைத் தவறவிட்டு, வழக்கமான ளுஹர் பகல் தொழுகையைத் தொழுதுவிட்டு வந்திருந்தேன். உடப்பு பஸ்ஸுக்காகத் தனலெட்சுமி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சிலாபம் பஸ் வந்தது. மெடம் ஏறவில்லை. உடப்பு பஸ் வந்தது. தனலெட்சுமி ஏறி, ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். மெடம் அதிலும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"என்ன மெடம், போகல்லயா?" எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவும் நடந்து, கடைசியில் இந்த மனுஷி பின்வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பரீட்சகரும் பரீட்சைக்கு வந்த ஆளும் ஒரே பஸ்ஸில போகக்கூடாது, நசார்" என்றார். "அடுத்த உடப்பு பஸ் எப்ப?"